நாற்பத்தொன்றாம் நாள் வந்த புள்ளி

சென்னை,
12 ஜூன் 2024

சபா,

‘அன்புள்ள’ என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால் வெறும் பெயர்.

நான்கு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் வட்டம்தான் தெரிகிறது. மெயில் அனுப்பினால் திறக்காமலே அழித்துவிடுவாய். தபாலை மட்டும் பிரிக்காமல் போடமாட்டாய் என்று நம்புகிறேன். உன் வாப்பா கனி மாமாவின் கடைக்கு வரும் விளம்பர நோட்டீஸைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தானே மடித்து வைப்பாய்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பி.டி. 41 செத்துவிட்டது.

ஒரே நாளில் சாகவில்லை. நான் இங்கே கொண்டுவந்த புதிதில் நன்றாகத்தான் வளர்ந்தது. அந்தச் சமயத்திலேயே அந்தப் பாக்டீரியாவின் மரபணு வரிசை முழுவதையும் எடுத்துவிட்டோம். நான்காவது முறை வளர்ப்புத் தட்டு மாற்றியபோது வளர்ச்சி மெலிந்தது. ஆறாவது தட்டில் ஒன்றுமே வரவில்லை. உறைபெட்டியில் போட்டு வைத்திருந்த குழாய்களை எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் உயிர் இல்லை.

இந்த நேரத்தில் பத்திரிகையிலிருந்து கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. எல்லாம் சரி, புதிய இனம்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் விதி உனக்கும் தெரியும். பேப்பரில் எத்தனை பக்கம் எழுதினாலும் பாக்டீரியாவுக்குப் பெயர் செல்லாது. இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் உயிரோடு வளர்ந்திருக்கும் கல்ச்சரைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். செப்டம்பர் 15 கடைசித் தேதி. இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் எனக்கு முனைவர் பட்டம் இல்லை. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வர வேண்டும் என்பது என் வழிகாட்டி ஸ்ரீநிவாஸ் சாரின் கண்டிப்பு. இரண்டு வருஷமாக இந்த ஒன்றைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

உன்னிடம் அது இருக்கும். உன் கையில் எதுவும் சாகாது. இரண்டு குழாய் அனுப்பு, போதும்.

உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நீ சொல்வாய். உரிமையோடு கேட்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் கேட்கிறேன்.

பவானி


மரைன் ஹில்,
26 ஜூன் 2024

முனைவர் ஆகப்போகும் பவானி அவர்களுக்கு,

தபாலைப் பிரித்தேன். உன் கணக்கு சரிதான். வாப்பா கேட்டார், “பவானி பொண்ணா எழுதியிருக்கு? நல்லா இருக்குதாமா?” என்று. நல்லா இருக்குதாம் என்றேன். செத்தது வேறொன்று என்று சொல்லவில்லை.

பி.டி. 41 என்னிடம் இருக்கிறது. கொழுத்துப் போய் இருக்கிறது. போன வாரம்தான் முப்பத்தோராவது தடவையாக மாற்றினேன். மூன்று வாரம் காத்திருந்தால் மஞ்சளில் துளிச் சுண்ணாம்பு குழைத்த ஆரஞ்சு நிறத்தில் பூத்துக்கொண்டு வருகிறது. உனக்கு அனுப்புவதாக இல்லை.

உன் கட்டுரையை நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்தாயா? பிப்ரவரியில் வினோத்குமார்தான் காட்டினான். எங்கள் ஆய்வு நிலையத்தில் அவனுக்கு எல்லாப் பக்கமும் ஆள் உண்டு. “உன்னோட பொருள்தானே இது, பேர் ஏன் இல்ல?” என்று கேட்டான். ஆசிரியர் பட்டியலில் ஆறு பெயர் இருக்கிறது. மரபணு எந்திரத்தை ஓட்டியவருக்கு இடம் இருக்கிறது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்தவருக்கு இடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘சேறு சேகரிக்க உதவிய சபா, படகோட்டி தம்பையா ஆகியோருக்கு நன்றி.’

தம்பையா அண்ணனிடம் அதைக் காட்டினேன். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லாமினேட் செய்து தன் டிங்கிப் படகில் ஒட்டப்போகிறாராம். எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

நீ மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். 2022 பிப்ரவரி. போலீஸ் காவலோடு காட்டுவழி போகும் ஆறு மணி கான்வாயில் போய்ப் பாராடாங் தீவில் இறங்கி, தம்பையா அண்ணனின் டிங்கியில் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் போனோம். முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததும் நீ படகை விட்டு இறங்கவில்லை. தொடை வரை சேற்றில் நின்று குழாயை அழுத்தி மண் எடுத்தது நான். அந்த மண்ணைக் கரைத்து நாற்பது தட்டில் பூசியதும் நான். நீ பெரார்கஞ்சில் உன் வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். முப்பதாம் நாள் போன் செய்தபோது என்ன சொன்னாய்? “சோடோ யார், விடுடீ, தூக்கிப் போடு. இனிமே என்ன வரப்போகுது, தட்டாவது மிச்சமாகும்.” எல்லாரும் பதினான்காம் நாளே தூக்கிப் போடுகிறவர்கள்தான், உன்னைக் குறை சொல்லவில்லை. நான் மூன்று தட்டை மட்டும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாற்பத்தொன்றாம் நாள் ஒரு தட்டில், அரைக் கடுகு அளவுக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதனால்தான் லேபிளில் பாராடாங்குக்குப் பி.டி., நாளுக்கு 41 என்று எழுதினேன். உன் கட்டுரையின் தலைப்பிலேயே அந்த 41 இருக்கிறது. அது யாருடைய நாட்கள் என்று ஸ்ரீநிவாஸ் சார் கேட்கவில்லையா?

கறிவேப்பிலையைக்கூட மணம் இறங்கிய பிறகுதான் எடுத்துப் போடுவார்கள்.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். ஜெர்மனியில் மாநாட்டில் போஸ்டருக்குப் பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டு நின்ற படத்தைப் பதினேழு தடவை பார்த்தேன். போஸ்டரின் நடுவில் என் தட்டு. ஓரத்தில் என் கையெழுத்து, பாதி வெட்டுப்பட்டிருந்தது.

இருவரும் ஒரே நாளில்தான் சென்னையில் நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்தோம். ஆங்கில எழுத்து வரிசையில் நீ முன்னால், நான் பின்னால். நான் இந்த நாற்பத்தொரு நாள் கதையைத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் தேர்வுக் குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இன்றுவரை எனக்கு ஏனென்று தெரியாது. நீ தேறினாய், நான் வெள்ளிக்கிழமை விமானத்தில் திரும்பி வந்தேன்.

இன்னொன்று. எந்த மீடியத்தில், என்ன தீனி போட்டு வளர்த்தோம் என்று கட்டுரையில் என்னவோ எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன்.

சபா


சென்னை,
8 ஜூலை 2024

சபா,

திட்டிவிட்டாய். நல்லது. பேசாமல் இருந்ததைவிட இது மேல்.

என் பக்கத்தையும் கேள். படகை விட்டு இறங்கவில்லை என்பது உண்மை. தூக்கிப் போடு என்று சொன்னதும் உண்மை. ஆனால் சேற்றிலிருந்து எடுத்தால் மட்டும் புதிய இனம் ஆகிவிடுமா? அது என்ன என்று நிரூபிக்க இரண்டு வருஷம் ஆகிறது. எந்தச் சர்க்கரையைத் தின்னும், எதைத் தின்னாது, எத்தனை உப்புத் தாங்கும், எத்தனை சூட்டில் சாகும், மேல்தோலில் என்ன கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அதன் நெருங்கிய உறவுக்காரர்கள் ஏழு பேரை வாங்கி வளர்த்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மரபணுவில் நூற்றுக்கு மூன்று வித்தியாசம் என்று எந்திரம் காட்டிய நாளில் பக்கத்தில் சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. அதைச் செய்தது நான். அதையும் சேற்றில் சேர்த்துவிடாதே.

பொறாமை உனக்கு மட்டும்தானா? எம்.எஸ்ஸி. படிக்கும்போது எல்லா வாத்தியாரும் “சபாவோட தட்டைப் பாருங்க, சபா தட்டுல ஸ்ட்ரீக் இழுக்கறதைப் பாருங்க” என்றுதான் சொன்னார்கள். இருவரும் ஒரே அகர் கூழில், ஒரே லூப் கம்பியில், ஒரே நேரத்தில்தான் போடுவோம். உன் தட்டில் பாக்டீரியாக் காலனி கோலப்புள்ளி மாதிரி வரிசையாக வரும். என் தட்டில் பூஞ்சை வரும். நீ என் பக்கம் திரும்பி, “பரவாயில்லடீ” என்பாய். அந்தப் பரவாயில்லைக்காகவே உன்னை அடிக்க வேண்டும்போல் இருக்கும். இங்கே வந்து இரண்டு வருஷமாகியும் ஒவ்வொரு தட்டைத் திறக்கும்போதும் உன் முகம்தான் வருகிறது.

பட்டியலில் உன் பெயர் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது சொல்லக்கூடாது. கட்டுரை வெளிவந்தால் நீயே பார்ப்பாய். நம்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னும் அறுபத்தொன்பது நாள் இருக்கிறது. அது வளர மூன்று வாரம், சேமிப்பகங்கள் சரிபார்க்க ஒரு மாதம். கணக்குப் போட்டுப் பார்.

பவானி


மரைன் ஹில்,
22 ஜூலை 2024

அன்புள்ள பவானி,

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு கட்டுரைக்காகக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. படித்து முன்னுக்கு வா. உனக்கு நல்லது நடந்தால் எனக்கும் பெருமைதான்.

பெட்டிக்குள் இரண்டு குழாய் வைத்திருக்கிறேன். லேபிள் ஒட்டியிருக்கிறது. பஞ்சு சுற்றி, ஐஸ் பொட்டலம் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். வந்ததும் குளிரில் வை. நேரம் குறைவு என்கிறாய், அதனால் தாமதம் செய்யாமல் நேராகச் சேமிப்பகங்களுக்கு அனுப்பிவிடு.

அம்மாவிடம் என் சலாம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
சபா


சென்னை,
29 ஆகஸ்ட் 2024

சபா,

நம் பழக்கத்தில் நீ எனக்கு ‘என்றும் அன்புடன்’ என்று எழுதியதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ அனுப்பியது இரண்டே நாளில் தட்டு நிறைய வளர்ந்தது. ஆரஞ்சு நிறம், வட்டம், பளபளப்பு, எல்லாம் சரியாக இருந்தது. மூன்று வாரம் எடுக்க வேண்டியது இரண்டு நாளில் எப்படி வளரும் என்று ஒரு முதலாண்டு மாணவிகூடக் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. நான் நினைத்தது என்ன தெரியுமா? சபா கையால் வந்தது, அப்படித்தான் வளரும் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக எனக்குச் சண்டித்தனம் செய்த ஒன்று உன் குழாயிலிருந்து வந்ததும் இப்படித் துள்ளுகிறதே என்று வயிறெரிந்தேன். மரபணுவைச் சரிபார்க்காமல் இரண்டு சேமிப்பகங்களுக்கும் அனுப்பினேன். உன் லேபிளை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சேமிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பியது புதிய இனம் அல்ல, எந்தத் துறைமுகப் படிக்கட்டைச் சுரண்டினாலும் கிடைக்கிற சாதாரண வகை என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் இன்னொரு நாட்டிலிருந்தும் அதேதான். சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “இது எப்படி நடந்தது?” என்றார்.

குழாய்களை நான்தான் மாற்றி எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. இதற்காக நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பட்டியல் விஷயம். பாக்டீரியாவுக்கு ஒருவர் பெயரை வைக்கலாம். ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கள் பெயரையோ, கூட எழுதுகிறவர் பெயரையோ வைத்துக்கொள்ளக் கூடாது. அது இந்தத் துறையின் மரியாதை. எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள். நான் அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறேன், சபா. லத்தீன் வால் சேர்த்து ‘சபாயே’. வினோத்குமார் பார்த்த பிரதியில் இனப்பெயர் இருந்திருக்காது. ஏற்கப்படும் வரை வெளியே விடக்கூடாது என்று ‘பி.டி. 41’ என்று மட்டும் வைத்திருந்தோம். உன் பெயர் அந்த உயிருக்கு வேண்டும் என்றால் பட்டியலில் இருக்கக்கூடாது. இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்த காரணம்.

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்லவள் ஆகியிருப்பேன். நேற்று இரண்டு பக்கம் எழுதி அப்படித்தான் முடித்தேன், பிறகு கிழித்துவிட்டேன்.

பெயரை உனக்குக் கொடுத்தால் முதல் இடம் தொந்தரவில்லாமல் எனக்கு வரும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்தது இன்னும் மோசம். நேர்முகத் தேர்வில் அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டிருந்தாயே. பெயர் வரிசையில் நான் முன்னால் போனேன். “ஆராய்ச்சியில் நீங்கள் பொறுமையாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார்கள். என் மனசில் வேறொன்றும் வரவில்லை. நாற்பத்தொரு நாள் காத்திருந்ததைச் சொன்னேன். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைச் சொன்னேன். ‘நாங்கள்’ என்று தொடங்கினேன். பாதியில் அது ‘நான்’ ஆகிவிட்டது. அரை மணி நேரம் கழித்து நீ உள்ளே போய் அதே கதையைச் சொன்னாய். அவர்கள் உன்னைத்தான் திருடி என்று நினைத்தார்கள்.

அதனால்தான் சாரிடம் உன்னைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. மறுபடியும் உன்னைத் திருடி ஆக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சார் பத்திரிகைக்கு எழுதி நவம்பர் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறார். அனுப்புவாயோ மாட்டாயோ, இனி கேட்கமாட்டேன்.

பவானி


மரைன் ஹில்,
9 செப்டம்பர் 2024

பவானி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் நாள் அதைப் படித்துவிட்டு ஆய்வு நிலையத்துக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பி.டி. 41 குழாய்கள் பதினொன்றையும் வெளியே எடுத்து, எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் கொன்றுவிடலாம் என்று ஸ்டெரிலைசருக்குள் அடுக்கினேன். மூடியை மூடி, திருகும் போட்டாகிவிட்டது. வினோத்குமார் வந்து, “சபா, சாய் பியேகி கியா?” என்று கேட்டான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் திருகைக் கழற்றி எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். இதில் தத்துவம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் அதற்குச் சோறு போட்டவள் நான், கை வரவில்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அனுப்பியது மரைன் ஹில்லுக்குக் கீழே படகுத்துறைப் படிக்கட்டில் சுரண்டியது. நிறத்துக்காகவே தேடி எடுத்தேன். லேபிளை என் வழக்கமான கையெழுத்தில்தான் எழுதினேன். உன்னைச் சார் முன்னால் தலைகுனிந்து நிற்கவைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. நீ நின்றாய் என்று படித்ததும் வருத்தப்பட்டேன் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் அந்த இடம் வரைக்கும் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் போனது.

என் பெயர் வைத்ததைப் படித்து ஒரு மணி நேரம் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ‘சபாயே’ என்று வாப்பா கடைப் பில் புத்தகத்தின் பின்னால் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். வாப்பாவிடம் சொன்னேன். “கிருமிக்கா உன் பேர்? கல்யாணப் பேச்சு எடுக்கிற வீட்டுல சொல்லிடாதே” என்றார்.

பிறகு யோசித்தேன். இன்னும் நூறு வருஷம் கழித்து எவளோ ஒருத்தி அந்தப் பெயரைப் படிப்பாள். யார் இந்தச் சபா என்று கேட்பாள். யாரோ ஒரு பேராசிரியரின் மனைவியாக இருக்கும், இல்லாவிட்டால் செத்துப்போன மகளாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். சேற்றில் இறங்கியவள் என்றோ, தட்டை ஒளித்து வைத்தவள் என்றோ அவளுக்கு எப்படித் தெரியும்? பெயர் சூட்டுவது கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து அதில் பெயர் எழுதுவது மாதிரி. வெளிச்சம் யாரால் என்று தெரியும். கம்பி இழுத்தவன் பெயர் அதில் இருக்காது. எனக்குப் பெயர் வேண்டாம் பவானி. எனக்குப் பட்டியல் வேண்டும். செய்தவள் என்று வேண்டும்.

நேர்முகத் தேர்வு விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னித்தால் சொல்கிறேன்.

இந்தப் பெட்டியில் மூன்று குழாய் இருக்கிறது. உண்மையான பி.டி. 41. இந்த முறை யாரையும் நம்பாமல் முதலில் மரபணுவைச் சரிபார். என்னையும் நம்பாதே.

கூடவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று கார்கோவில் வருகிறது. அதில் இருப்பது கடல் தண்ணீர். உன் கையில் அது ஏன் செத்தது என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். 2022இல் தட்டு ஊற்றும்போது நம் நிலையத்தில் செயற்கைக் கடலுப்புப் பொடி தீர்ந்துபோயிருந்தது, மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரவில்லை. நான் சிடியாடாப்புக் கடற்கரையில் தண்ணீர் எடுத்து, கேனுக்குக் கறுப்புத் துணி சுற்றி, வாப்பாவின் கோடவுனில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஆறு வாரம் வைத்திருந்தேன். அப்படி இருட்டில் ஊறிய பழைய தண்ணீரில் மட்டும்தான் அது வளரும். புதுத் தண்ணீரிலும் வராது, பொடித் தண்ணீரில் நாலைந்து தட்டோடு நின்றுவிடும். நீ அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். உன் கட்டுரையில் எழுதிய மீடியத்தைப் படித்துச் சிரித்தேன் என்று சொன்னது இதற்காகத்தான்.

இனி என் கையில் பிடி எதுவும் இல்லை. கல்ச்சரும் உன்னிடம், ரகசியமும் உன்னிடம். நீ சாரிடம் உண்மையைச் சொல்லலாம். சொல்லாமல் ‘சபாயே’ என்றே போட்டுவிட்டு நன்றாகவும் வாழலாம். நான் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை.

சபா


சென்னை,
18 நவம்பர் 2024

சபா,

தீவின் தலைநகரான உங்கள் ஊருக்கே புதுப் பெயர் வைத்துவிட்டார்களாமே. கவரின் மேல் எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

பதிலுக்கு இரண்டு மாதம் ஆக்கிவிட்டேன். குழாயிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டு, உன் தண்ணீரில், இருபத்திரண்டு நாள் காத்திருந்தேன். இருபத்திரண்டாம் நாள் வந்தது. மரபணுவைச் சரிபார்த்தேன். அதுதான். இரண்டு சேமிப்பகங்களிலிருந்தும் சான்றிதழ் வந்துவிட்டது. என் தட்டில் காலனி கோணல்மாணலாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் பூஞ்சை இல்லை.

சாரிடம் எப்போது சொன்னேன் என்றுதானே முதலில் தேடுவாய். பெட்டி வந்த அன்றைக்குச் சொல்லவில்லை. அது வளரட்டும் என்று காத்திருந்தேன். வளர்ந்த பிறகு சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தேன். சான்றிதழ் வந்த பிறகு சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். அந்த மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தூங்கினேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். திருத்திய கட்டுரையை அனுப்பும் நாளில் மீடியம் பற்றிய பத்தியை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ‘ஆறு வாரம் இருட்டில் வைத்த கடல் நீர்’ என்று எழுதினேன். சார் அதைப் படித்துவிட்டு, “இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை? நீதானே தயாரித்தாய்?” என்று கேட்டார்.

“இல்ல சார், நான் அங்க இல்ல” என்றேன். அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. படகை விட்டு இறங்காதது, தூக்கிப் போடு என்றது, நேர்முகத் தேர்வு, எல்லாம். குழாய் மாறிய விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது நம் இருவருக்குள்ளே கிடக்கட்டும்.

சார் கட்டுரையை மூடி வைத்தார். பிறகு, “அன்றைக்கு உனக்குப் பின்னால் வந்து அதே கதையைச் சொன்ன பெண்ணா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவளைப் பார்த்துத்தான் நான் முதலில் சிரித்தேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டியலைத் திறந்து உன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். இரண்டாவதாகவா சார் என்று கேட்டேன். முதலில் என்றார். முதலில் உன் பெயரைப் போடுங்கள் என்று நானே வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் வாதாடவில்லை. வாயைத் திறந்து எதிர்க்கவுமில்லை, அவ்வளவுதான். என் பெயருக்கு முன்னால் உன் பெயரை என் கையாலேயே டைப் செய்தேன். ஆங்கிலத்தில் நாலு எழுத்து. பொறாமையில் எனக்கு விரல் மரத்துப்போனது.

நீ பட்டியலுக்கு வந்துவிட்டதால் ‘சபாயே’ போய்விட்டது. இப்போது அதற்குப் பாராடாங்கின் பெயர். ‘பாராடாங்கென்சிஸ்’. தம்பையா அண்ணனிடம் சொல், மறுபடியும் லாமினேட் செய்யட்டும்.

இனி எனக்கு முதல் பெயரில் வேறொரு கட்டுரை வேண்டும். வேறொரு பாக்டீரியா வேண்டும். இன்னும் ஒரு வருஷமோ, இரண்டோ. ஜனவரி பத்தாம் தேதி வருகிறேன். பதினொன்றாம் தேதி ஆறு மணி கான்வாய்க்கு இரண்டு சீட் சொல்லி வை. இல்லாவிட்டால் ஒன்று சொல்லி வை, உன் இஷ்டம். கோடவுனில் ஒரு கேன் தண்ணீரை இன்றைக்கே எனக்காக இருட்டில் வை. ஆறு வாரக் கணக்கு சரியாக இருக்கும்.

இந்த முறை சேற்றில் நான் இறங்குகிறேன். தட்டில் நான் பூசுகிறேன். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் நானே ஒளித்து வைக்கிறேன். நாற்பத்தொரு நாளானாலும் சரி, நூறு நாளானாலும் சரி, நானே காத்திருப்பேன். புள்ளி வந்திருக்கிறதா என்று எனக்கு முன்னால் நீ போய் எட்டிப் பார்க்காதே.

பவானி